இதையே நேரில் அழைத்ததாகக் கருதவும்

எல்லையில் சண்டை தொடங்கிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அதைப் பற்றி வேப்பந்தாங்கலில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது, ஞானஜோதி டீச்சரைத் தவிர. டீச்சருக்கு அந்த வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணியைப் பற்றி மட்டும்தான் கவலை. மூன்று மணிக்குள் மைக் செட் குப்புராஜ் தன் வேட்புமனுவை வாபஸ் வாங்கவில்லை என்றால், டீச்சரின் மகள் ஜெரூஷாவின் கல்யாணத்துக்கு ஹால் கிடையாது.

கேட்பவருக்குத் தலை சுற்றும். டீச்சருக்குச் சுற்றி முடிந்து, இப்போது வலிக்க ஆரம்பித்திருந்தது.

கூடுவாஞ்சேரியிலிருந்து மேற்கே ஆறு கிலோமீட்டர் போனால் வேப்பந்தாங்கல். ஒரு ஏரி, நாலு தெரு, ஒரு சர்ச், மீதியெல்லாம் கலர் கொடி நட்ட பிளாட். தொகுதி முழுக்க இப்படித்தான், வயலும் ஏரியும் கொடியும். தொகுதி எம்.பி. தவறிப்போய் இடைத்தேர்தல் வந்தது. மனுத்தாக்கல் முடிந்த மறுநாளே எல்லையில் குண்டு விழுந்தது. நாடு இருக்கிற நிலைமையில் நமக்குள் என்ன போட்டி என்று கட்சிகள் கூடிப் பேசி, இறந்தவரின் கட்சிக்கே இடத்தை விட்டுக்கொடுப்பது, மற்ற எல்லோரும் வாபஸ் வாங்குவது என்று முடிவெடுத்தார்கள். டிவியில் கை குலுக்கிக்கொண்டார்கள். அதற்காக வாபஸ் வாங்கும் கெடுவை மட்டும் இந்த வியாழக்கிழமை வரை நீட்டினார்கள், வாக்குப்பதிவு நாளை மாற்றவில்லை. சுயேச்சைகளும் ஒவ்வொருவராக ஒதுங்கிவிட்டார்கள். பாக்கி ஒரே ஒருவர், நம்ம குப்புராஜ்.

குப்புராஜ் இதில் எப்படி வந்தார் என்பதும் ஊருக்கே தெரிந்த கதைதான். இடம் விட்டுக்கொடுக்கப்பட்ட அந்தக் கட்சியின் வேட்பாளர் பெயர் மு. குப்புராஜ். சண்டைக்கு முன்னால், அவர் ஓட்டைக் குழப்புவதற்காக எதிர்க்கட்சி ஒன்றியச் செயலாளர் சுப்பராயலு அதே பெயரில், அதே இனிஷியலில் ஆள் தேடினார். மூன்று நாள் அலைந்து வேப்பந்தாங்கலில் கண்டுபிடித்தார். நம்ம குப்புராஜின் அப்பா முனுசாமி. அந்த ஒரு எழுத்துக்காகச் சால்வை போர்த்தி அழைத்துப்போய் மனுப் போட வைத்தார்கள்.

இரண்டு பேர் நின்றாலே தேர்தல்தான். தேர்தல் என்றால் சர்ச் ஹால்தான் வாக்குச்சாவடி. வாக்குப்பதிவு நாள் சனிக்கிழமை, கல்யாணமும் அதே சனிக்கிழமை. அரசாங்கம் அதோடு விட்டதா என்றால் இல்லை. அந்தச் சாவடிக்குத் தலைமை அலுவலர் யாரென்று பார்த்து, பள்ளித் தலைமையாசிரியை ஞானஜோதியின் பெயரையே போட்டு ஆர்டர் அனுப்பியிருந்தது. ஹாலும் போய், மணப்பெண்ணின் அம்மாவும் போன கல்யாணம்.

தேதியை மாற்றலாமே என்று சொல்லாதவர் இல்லை. மாப்பிள்ளை ஜெஃப்ரி விமானப்படையில் டெக்னீஷியன். எல்லோருடைய லீவையும் ரத்து செய்துவிட்டு, ஏதோ ஒரு நல்ல அதிகாரி அவனுக்கு மட்டும் நாலே நாள் கொடுத்திருந்தார். அந்த நாலு நாளுக்குள் அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான் ஆகிற நாள். வேறு ஹால் பார்க்கலாமே என்றும் சொன்னார்கள். வண்டலூரிலிருந்து இரும்புலியூர் வரை டீச்சர் மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கியாகிவிட்டது. சண்டையைப் பார்த்துப் பயந்து எல்லோரும் கல்யாணத்தை முன்னால் இழுத்துவைத்திருந்தார்கள்.

ஆக, பதினொன்றரை மணிக்கு டீச்சர் குப்புராஜ் வீட்டு வாசலில் நின்றார். எதிர்வீட்டு ரத்தினபாய் அதே நேரத்தில் வாசலில் கீரை ஆய உட்கார்ந்தது தற்செயல் என்று ரத்தினபாயே சொல்ல மாட்டாள்.

"நல்லா இருக்கீங்களா குப்புராஜ்?"

இருபது வருஷமாக "என்னப்பா" என்று கூப்பிட்ட டீச்சர் அன்று "நீங்க" என்று ஆரம்பித்ததிலேயே குப்புராஜுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"வாங்க டீச்சர். அந்தச் சேர்ல வேணாம், ஒரு காலு ஆடுது. இதுல குந்துங்க. வாபஸ் மேட்டரா?"

"ஆமாங்க. மூணு மணிக்குள்ள போகணும்."

"போலாம். ஆனா சுப்பராயலு பண்ண வேலையக் கேளுங்க. நிக்கச் சொல்லும்போது இன்னா பண்ணாரு? வூட்டுக்கு வந்தாரு. அண்ணா, நீங்க இல்லன்னா கட்சியே இல்லன்னாரு. இப்ப வாபஸ் வாங்கச் சொல்லும்போது வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கிறாரு. அதுவும் வண்டி ஓட்டிக்கினே பேசுறாரு. பாதி ஹாரன்தான் கேக்குது."

இது பொய்யில்லை. முந்தின நாள் அந்த மெசேஜைக் குப்புராஜ் கூம்பு ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைத்திருந்தார்.

"அவர விடுங்க. எல்லைல சண்டை நடக்குது. நாட்டுக்காகன்னு நினைச்சுக்கோங்க."

"நாட்டுக்காக நான் எப்ப வேணா ரெடி டீச்சர். நாடு வந்து கேக்கட்டும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி செல்வமேரியின் குரல் வந்தது. "அந்தாள்கிட்ட பேசாதீங்க டீச்சர். ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு கும்புடு போட்டுப் பாத்துகினு கீறாரு. சோறு போட்டா தட்டுக்கும் ஒரு கும்புடு."

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டார். "சரி, நாடு வேணாம். எங்களுக்காகச் செய்யுங்க. ஜெரூஷா கல்யாணம் நின்னுபோயிடும்."

"எந்தக் கல்யாணம்?"

"என்னப்பா இது. சனிக்கிழமை. குரூப்ல பத்திரிகை போட்டேனே."

மரியாதை பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

"குரூப்ல இன்னான்னாவோ வருது டீச்சர். காணாமப்போன பூனை வருது, தண்ணி லாரி எப்ப வரும்னு வருது. அதுல எது எனக்கு வந்துதுன்னு நான் எப்பிடிக் கண்டுபுடிக்கிறது?" குப்புராஜ் போனை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, விரலால் தள்ளித் தள்ளி அந்தப் பத்திரிகையை எடுத்தார். மைக் டெஸ்ட் செய்கிற குரலில் ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார். "நேரமின்மை காரணமாக, இதையே நேரில் அழைத்ததாகக் கருதவும். உங்க வூட்டுக்கும் எங்க வூட்டுக்கும் நடுவுல எத்தினி வூடு டீச்சர்?"

டீச்சர் தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆறு வூடு. அத்தத் தாண்ட நேரமில்ல."

"எல்லாருக்கும் அப்படித்தான் போட்டேன்."

"கூடுவாஞ்சேரி பேங்க் மேனேஜருக்குத் தட்டோட போனீங்களாம். கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சாங்களே, அப்பத்தான் செல்வமேரி ஜெரூஷா பாப்பாவுக்குக் கல்யாணம்னே தெரிஞ்சுக்கிச்சு. உங்க ஸ்கூல் ஆண்டுவிழாவுக்கு இருவது வருசமா மைக் கட்டுறவன் நானு. அந்தப் பாப்பா ஃபர்ஸ்ட் டைம் மைக்ல பேசினப்ப ஸ்டேண்ட எறக்கிக் குடுத்ததே நாந்தான்." குப்புராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, நானும் அப்பிடியே பண்ணிட்றேன். தேர்தல் ஆபீசருக்கு ஒரு மெசேஜ் போட்டுட்றேன். நேரமின்மை காரணமாக, இதையே நேரில் வந்து வாபஸ் வாங்கியதாகக் கருதவும். செல்லுமா?"

எட்டுத் தேர்தலில் டியூட்டி பார்த்த டீச்சருக்கு அது செல்லாது என்று நன்றாகத் தெரியும். படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அதிகாரியின் கையில் கொடுக்க வேண்டும்.

"செல்லாது," என்றார்.

"பாத்தீங்களா. கவருமெண்டுக்கே நேர்ல வந்தாத்தான் செல்லுது."

டீச்சர் எழுந்தார். கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. குப்புராஜ் மேலா, குரூப்பில் போட்டால் போதும் என்று யோசனை சொன்ன தன் கணவர் மேலா, அதைக் கேட்ட தன் மேலா. ஆறு வீட்டையும் அவர் தாண்டிய வேகத்தைப் பார்த்து ரத்தினபாய் கீரையைக் கீழே போட்டாள்.

வீட்டில் எலியேசர் சார் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ரிட்டயர் ஆனவர். சண்டை ஆரம்பித்த நாள் முதல் மடியில் அட்லஸ், கையில் பென்சில்.

"எந்திரிங்க. குப்புராஜ் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போறோம்."

"இரு ஜோதி. முக்கியமான செய்தி ஒண்ணு ஓடுது."

"காலைல ஏழு மணியில இருந்து அதேதான் ஓடுது."

"இப்ப மேப்ல காட்டுறான்."

டீச்சர் டிவியை நிறுத்தினார். எலியேசர் சார் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அவன் வீட்டுக்கெல்லாம் தட்டு தூக்கிட்டு நான் எதுக்கு? அவன் என்ன எம்.பி.யா?"

"இன்னும் ஆகல. ஆகாம இருக்கத்தான் போறோம். நான் மட்டும் போனா செல்லாது, ரெண்டு பேரும் வரணும்."

முக்கியமான சொந்தக்காரர்களுக்கென்று பீரோவில் இருபது பத்திரிகை தனியாக இருந்தது. அதில் ஒன்றை எடுத்தார். தட்டு கிடைத்தது. ஆப்பிளில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அதற்குள் எலியேசர் சார் மேசையில் உட்கார்ந்து, பத்திரிகை மேல் பெயர் எழுத ஆரம்பித்திருந்தார். அவருக்குக் கையெழுத்து அழகு. அந்த அழகுக்கு நேரம் பிடிக்கும்.

"இனிஷியல் போடணுமா?"

"போடுங்க. அந்த இனிஷியலாலதான் இவ்வளவும்."

"குடும்பத்தார்னு போடவா, குடும்பத்தினர்னு போடவா?"

டீச்சர் பேனாவைப் பிடுங்கி எழுதினார். மணி ஒன்று.

இந்த முறை போனபோது குப்புராஜ் வெள்ளைச் சட்டைக்கு மாறியிருந்தார். கால் ஆடுகிற சேர் மறைந்து, பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு நல்ல சேர் வந்திருந்தது. செல்வமேரி வாசலில் நின்று, "வாங்க சார், வாங்க டீச்சர்," என்று புதிதாகப் பார்க்கிற மாதிரி அழைத்தாள். காபி வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் மறுபடி முதலிலிருந்து. காபி வந்தது, ஆற்றிக் குடித்தாகிவிட்டது. தட்டைக் கொடுக்கப் போகும் சமயத்தில் எலியேசர் சார், "ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிட்டுக் கொடுப்போம்," என்று கண்ணை மூடினார்.

ஒரு வார்த்தையா அது. தேசத்துக்காக ஆரம்பித்தார். முப்படைகளுக்காக ஜெபித்தார். மேப்பில் பார்த்த ஊர்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஆண்டவரின் கையில் ஒப்படைத்தார். ஆட்சியில் இருக்கிறவர்களுக்கு ஞானம் கேட்டார், இல்லாதவர்களுக்குப் பொறுமை கேட்டார். டீச்சர் ஒரு கண்ணைத் திறந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்று நாற்பது. இன்னொரு பக்கம் செல்வமேரியும் ஒரு கண்ணைத் திறந்திருந்தாள். இருவரும் மூடிக்கொண்டார்கள். கடைசியில் மணமக்களுக்கு வந்தபோது டீச்சர் அவர் சார்பாகவும் சேர்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஆமென்," என்று முடித்து வைத்தார்.

குப்புராஜ் இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். பத்திரிகையைப் பிரித்துக் கடைசி வரி வரை படித்தார்.

"நேர்ல வந்து கூப்ட்டீங்க. வாபஸ் வாங்கிட்றேன்," என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

எலியேசர் சார் டிவிக்குத் திரும்பிவிட்டார். டீச்சர் குப்புராஜின் மினி லாரியில் முன் சீட்டில் ஏறினார். பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகள். இறக்கி வைக்க நேரமில்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவை தடால் தடால் என்று எழுந்து உட்கார்ந்தன.

ஊரப்பாக்கம் வரை நன்றாகத்தான் போனார்கள். வண்டலூர் தாண்டியதும் போலீஸ் நிறுத்தியது. சண்டைக் காலத்தில் இத்தனை பெட்டியோடு போகிற வண்டியை நிறுத்தாமல் இருப்பார்களா.

"பொட்டில இன்னா?" என்றார் போலீஸ்காரர்.

"ஸ்பீக்கரு."

"எங்க மீட்டிங்? இப்ப எல்லா மீட்டிங்கும் கேன்சல் ஆச்சே."

குப்புராஜ் நிதானமாகச் சட்டைப் பையில் கைவிட்டு, மனுத்தாக்கல் செய்த ரசீதை எடுத்துக் காட்டினார். "நான் கேண்டிடேட் சார்."

போலீஸ்காரர் ரசீதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சல்யூட் அடித்தார். குப்புராஜ் பதிலுக்குக் கும்பிட்டார். கண்ணாடி முன்னால் ஒரு வாரம் பழகிய கும்பிடு, அவசரமே இல்லாத கும்பிடு.

"வண்டிய எடுப்பா," என்றார் டீச்சர்.

"இன்னும் முக்கா மணி நேரம் நான் கேண்டிடேட்டு டீச்சர். கொஞ்சம் அனுபவிச்சுக்கிறேன்."

"பெருங்களத்தூர்ல டிராபிக் இருக்கும். அங்க அனுபவிச்சுக்கோ."

இருந்தது. இரும்புலியூரிலும் இருந்தது. ஜெரூஷா மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் டீச்சர், "போயிட்டே இருக்கோம்," என்று நின்ற வண்டியிலிருந்து சொன்னார்.

"டீச்சர், என் பேரு லிஸ்ட்ல ஒட்டிக்கிறாங்களாம்," என்றார் குப்புராஜ் நடுவில். "குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி பாத்துக்கிறேன்."

தாம்பரத்தில் தேர்தலுக்கென்று எடுத்திருந்த அலுவலகத்தின் மாடிப்படியில் அவர்கள் ஏறும்போது மணி இரண்டு நாற்பத்தாறு. உதவித் தேர்தல் அதிகாரி பட்டாபிராமன் ஒல்லியான மனிதர். எதிரே படிவங்கள், பக்கத்தில் மாத்திரை டப்பா. டீச்சர் படிவத்தை வாங்கிக் குப்புராஜ் கையில் கொடுத்து, எங்கே எழுதுவது என்று விரலால் காட்டினார். அவர் கையெழுத்தின் கடைசிச் சுழியைப் போட்டுப் பேனாவை எடுப்பதற்குள் சைரன் ஊதியது.

வான்தாக்குதல் ஒத்திகை. அறையில் விளக்கெல்லாம் அணைந்தது. ஜன்னலை மூடினார்கள். "எல்லாரும் மேசைக்கு அடியில," என்று யாரோ கத்தினார்கள். பட்டாபிராமன் மாத்திரை டப்பாவோடு அவர் மேசைக்கு அடியில் போனார். டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அதே மேசைக்கு அடியில் அவருக்கு எதிரே போனார். குப்புராஜையும் கையைப் பிடித்து இழுத்தார்.

"சார், வாபஸ் படிவம்," என்றார் டீச்சர் இருட்டில்.

"ஒத்திகை முடியட்டும்மா."

"எப்ப முடியும்?"

"மூணு பத்துக்கு."

"மூணு மணியோட டயம் முடியுது சார்."

"நான் என்னம்மா பண்றது? இங்க யாரும் அசையக்கூடாதுன்னு உத்தரவு."

"அசைய வேணாம். வேட்பாளர் அதிகாரி கையில கொடுக்கணும், அதுதான் விதி. மேசைக்கு மேலயா கீழயான்னு விதியில இல்ல. நானும் எட்டு எலெக்‌ஷன் பாத்திருக்கேன்."

பட்டாபிராமன் யோசித்தார். அவரும் சட்டப்புத்தகத்தை மனதுக்குள் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். "கொடுக்கச் சொல்லுங்க," என்றார்.

குப்புராஜ் அங்கே இல்லை.

சுவரோரம் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. அவர் தவழ்ந்துபோய், போன் டார்ச்சை உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டு, ஒட்டியிருந்த பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார்.

"லைட்ட அணைங்க," என்று நாலு மேசைக்கு அடியிலிருந்து நாலு குரல்.

டீச்சர் வாயைத் திறந்தார். காலையிலிருந்து சேர்த்துவைத்திருந்த அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது. பட்டியலில் இரண்டே பெயர். இரண்டாவதில் குப்புராஜின் விரல் ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

"டீச்சர், எழுத்து கரெக்டா கீதா?"

"கரெக்டா இருக்கு."

"துணைக்கால் எல்லாம்?"

"எல்லாம் இருக்கு குப்புராஜ்."

டார்ச் அணைந்தது. முழங்காலில் ஊர்ந்து வந்து அவர் படிவத்தை நீட்டினார். பட்டாபிராமன் இருட்டில் அதை வாங்கினார். யார் யாரென்று ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டு, கைக்கடிகாரத்தின் பச்சை முள்ளைப் பார்த்து, "ரெண்டு அம்பத்தேழு," என்று சத்தமாகச் சொல்லி எழுதிக்கொண்டார். தொகுதியில் தேர்தல் முடிந்தது.

விளக்கு வந்தபோது எல்லோரும் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். "வேப்பந்தாங்கல் சர்ச் ஹாலை விடுவிச்சு இன்னிக்கே ஒரு லெட்டர் கொடுத்துடுங்க சார்."

பட்டாபிராமன் ஒரு கோப்பைப் புரட்டினார். புரட்டிய விதமே டீச்சருக்குப் பிடிக்கவில்லை.

"தேர்தலுக்கு வேண்டாம்மா. ஆனா அன்னிக்கு எந்த ஹால் காலியோ அதைப் பாதுகாப்பு ஒத்திகைக்குக் கொடுக்கணும்னு நேத்து ஒரு ஆர்டர் வந்திருக்கு. கிராமத்துக்கு ஒண்ணு. சனிக்கிழமை காலைல சைரன் ஊதுவாங்க, ஜனங்க ஹாலுக்குள்ள போய்ப் பதுங்கணும். உங்க ஊர்ல வேற ஹால் இல்லையே."

குப்புராஜ் டீச்சர் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

டீச்சர் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கத்தவில்லை. கத்துகிற கட்டம் பெருங்களத்தூரிலேயே தீர்ந்துவிட்டது.

"எத்தனை பேர் பதுங்கணும் சார்?"

"குறைஞ்சது இருநூறு. அதுதான் பெரிய தலைவலி. போன வாரம் ஒரு ஊர்ல பண்ணோம், பதினாலு பேர் வந்தாங்க. அதுல எட்டு பேர் எங்க ஸ்டாஃப்."

"நான் நானூறு பேர் தரேன். முன்னாடியே ஹாலுக்குள்ள உக்காந்திருப்பாங்க. நீங்க சைரன் மட்டும் ஊதினாப் போதும்."

பட்டாபிராமன் பேனாவை எடுத்தார்.

"ஆனா பத்தரைக்கு ஆராதனை ஆரம்பம். பதினொண்ணரைக்குள்ள தாலி கட்டி முடிச்சு எல்லாரும் ஹாலுக்கு வந்துருவாங்க. அதுக்கு முன்னாடி ஊதக்கூடாது. எழுதிக்கோங்க, பதினொண்ணு நாப்பது."

அவர் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு நிமிர்ந்தார். "நடுவுல எந்திரிச்சுப் போயிட மாட்டாங்களேம்மா? இருபது நிமிஷம் கதவை மூடிருவோம்."

"பந்தி அதுக்கப்புறம்தான் சார்," என்றார் டீச்சர். "மட்டன் பிரியாணி. ஒருத்தர் நகர மாட்டாங்க."